கிளிக்கை நிறுக்கும் தராசு

2004ஆம் ஆண்டு மே மாதம் ‘டைம்ஸ் ஒஃப் இந்தியா’ பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. இந்தியாவின் பெருநகரங்களில் குடும்பப் பெண்கள், பட்டம் முடித்த பிள்ளைகள், வேலைக்குப் போறவங்க என்று பலர் வீட்டில் இருந்தபடியே ஒரு புது வேலை பார்க்கிறாங்க. இணையத்தில் வரும் விளம்பரங்களைத் தேடிப்போய்க் கிளிக் பண்ணுறதுதான் வேலை. மாதம் 100 முதல் 200 டொலர் வரை கிடைக்குது. இதுதான் செய்தி.

அவங்களுக்கு அந்த விளம்பரத்தில் இருந்த பொருள் தேவையே இல்லை. கிளிக் பண்ணி, கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தில் நின்று, அடுத்ததுக்குப் போயிடுவாங்க. அப்படின்னா இதுக்கு யார் காசு கொடுத்தாங்க? ஏன் கொடுத்தாங்க? ஒரு கிளிக்கால் ஒருவர் சம்பாதிக்கவும் இன்னொருவர் நட்டப்படவும் முடியும் என்றால், அதே கிளிக்கை வச்சு வேண்டுமென்றே ஒருத்தருடைய பிழைப்பைக் கெடுக்கவும் முடியும்தானே?

கடைசிக் கேள்விக்குப் பதில்: முடியும். முடிந்திருக்கு. அது எப்படி முடிந்தது என்று விளங்க, கிளிக்குக்கு விலை வந்த கதையைக் கொஞ்சம் பின்னால போய்ப் பார்க்கணும். வரலாறு என்றால் கல்வெட்டும் கோட்டையும்தான் என்று கலைப்பீடத்திலேயே நினைக்கிறவங்க இருக்காங்க. முப்பது வயது தாண்டிய ஒரு சின்னப் பழக்கத்துக்கும் வரலாறு இருக்கு. அதில் ராஜாக்கள் இல்லை, கணக்குப் புத்தகம் மட்டும்தான் இருக்கு.

பத்திரிகைக் காலத்துக் கணக்கு

விளம்பரத்தில் பொய்க்கணக்கு இணையத்தோடு வந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கு இத்தனை ஆயிரம் வாசகர் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லித்தான் விளம்பரம் வாங்கியது. விளம்பரம் கொடுப்பவருக்கு அதைச் சோதிக்க வழியில்லை. 1869இல் ஜோர்ஜ் ரோவெல் என்ற விளம்பர முகவர் அமெரிக்கப் பத்திரிகைகளின் விபரக்கொத்து ஒன்றை வெளியிட்டு, எது எத்தனை பிரதி விற்குது என்ற மதிப்பீட்டையும் அதில் போட்டார். பத்திரிகை முதலாளிகளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் தேவை இருந்ததால் அந்தப் புத்தகம் நின்று பிடித்தது.

1914இல் அமெரிக்காவில் பத்திரிகை விற்பனையைக் கணக்காய்வு செய்யும் அமைப்பு உருவானது. இந்தியாவில் அப்படியொன்று 1948இல் வந்தது. அந்த ஏற்பாட்டில் பத்திரிகைக்காரர் விற்பார், விளம்பரதாரர் வாங்குவார், எத்தனை பிரதி என்பதை மூன்றாவது ஆள் ஒருவர் எண்ணுவார். அந்த மூன்றாவது ஆளின் நிர்வாகத்தில் இரண்டு பக்கத்தாரும் இருப்பாங்க. எண்ணுகிறவர் வேற, காசு கொடுக்கிறவர் வேற, காசு வாங்குகிறவர் வேற. இந்த மூன்றையும் பிரிச்சு வைக்க அச்சு உலகத்துக்குப் பல பத்து வருஷம் எடுத்தது. இதை மனசில வச்சுக்கொள்ளுங்க.

கிளிக்குக்கு விலை வந்தது

1994 ஒக்டோபர் 27ஆம் திகதி ‘ஹொட்வயர்ட்’ என்ற அமெரிக்க இணையத்தளத்தில் முதல் பட்டை விளம்பரங்கள் வெளியாகின. அதில் ஏரி அண்ட் ரி தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரம்தான் இன்றைக்கும் பேசப்படுது. பார்த்தவர்களில் 44 சதவீதமானோர் அதைக் கிளிக் செய்ததாகச் சொல்லுவாங்க. இன்றைக்கு நூற்றுக்கு ஒன்று கிடைச்சாலே பெரிய விசயம். ஆனா அந்தக் காலத்தில் காசு கிளிக்குக்கு இல்லை. பத்திரிகையில் போலவே, இத்தனை நாள் தொங்க விட்டால் இவ்வளவு என்று பேசி முடிப்பாங்க.

1996இல் சவர்க்காரமும் ஷாம்புவும் செய்யும் புரொக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் யாஹூவிடம் வேறொரு பேரம் பேசியது. விளம்பரத்தைக் காட்டுவதற்குக் காசு கிடையாது, கிளிக் விழுந்தால் மட்டும்தான் காசு. 1998இல் பில் குரோஸ் தொடங்கிய ‘கோடு டொட் கொம்’ தேடல் தளம் ஒவ்வொரு கிளிக்கையும் ஏலம் விட்டது. 2000இல் கூகுள் தன் விளம்பரச் சேவையைத் தொடங்கி, 2002இல் கிளிக் ஏல முறைக்கு மாறியது. 2003இல் வந்தது ‘அட்சென்ஸ்’.

நமக்கு முக்கியமானது அட்சென்ஸ்தான். அதுவரைக்கும் விளம்பரம் கூகுளின் சொந்தத் தேடல் பக்கத்திலும் சில பெரிய தளங்களிலும்தான். அட்சென்ஸ் வந்த பிறகு யாரும் தங்கள் தளத்தில் சில வரி நிரலை ஒட்டிவிட்டு விளம்பர வருமானம் எடுக்கலாம். விளம்பர முகவரைத் தேடி கொழும்புக்கு அலைய வேண்டாம். யாரிடமும் சிபாரிசு கேட்க வேண்டாம். எழுதத் தெரிந்தால் போதும். சின்ன ஆட்களுக்கு இது நிஜமான விடுதலை, அதை மறுக்கக் கூடாது.

ஆனா இதோடு இன்னொன்றும் நடந்தது. விளம்பரதாரரிடம் காசு வாங்குவது, கிளிக்கை எண்ணுவது, எது நல்ல கிளிக் எது கெட்ட கிளிக் என்று தீர்மானிப்பது, தளக்காரருக்குப் பங்கு கொடுப்பது எல்லாம் ஒரே இடத்துக்குப் போனது. அச்சு உலகம் கஷ்டப்பட்டுப் பிரிச்சு வச்ச மூன்று கைகளும் திரும்பவும் ஒரு கையாகிவிட்டது.

மூன்று வகை விரல்கள்

கிளிக் மோசடி என்று பொதுவாச் சொன்னாலும் அதுக்குள்ள மூன்று வகை இருக்கு.

முதலாவது, போட்டிக்காரர் கிளிக். ஒரு கடைக்காரர் நாளைக்கு இவ்வளவு என்று விளம்பரத்துக்கு ஒதுக்கியிருப்பார். எதிர்க்கடைக்காரர் காலையிலேயே அதைக் கிளிக் பண்ணிப் பண்ணிக் கரைச்சு விடுவார். மத்தியானம் ஆகும்போது விளம்பரம் மறைஞ்சுபோகும்.

இரண்டாவது, தளக்காரரின் சொந்தக் கிளிக். தன் தளத்து விளம்பரத்தைத் தானே கிளிக் பண்ணுவது, அல்லது காசு கொடுத்து ஆள் பிடிப்பது. டைம்ஸ் ஒஃப் இந்தியா சொன்ன ஆட்கள் இந்த ஏற்பாட்டின் கடைசிக் கண்ணி. அவங்களுக்குக் கிடைத்த சில்லறையை விட நடுவில் நின்றவருக்குப் பல மடங்கு கிடைத்திருக்கும், இல்லாட்டி யாரும் அவங்களுக்குக் கொடுக்கப் போவதில்லை. இன்றைக்கு வட்ஸ்அப்பில் ‘வீட்டிலிருந்து லைக் போட்டுச் சம்பாதிக்கலாம்’ என்று வரும் தகவல்கள் இதே பரம்பரைதான்.

மூன்றாவதுதான் விஷம் பிடித்தது. ஒரு தளத்தை மூட வைக்க நினைக்கும் ஒருவர், அந்தத் தளத்து விளம்பரங்களைத் தானே நூற்றுக்கணக்கில் கிளிக் பண்ணுவார். பார்க்கிறவங்களுக்கு இது தளக்காரர் செய்த திருட்டு மாதிரியே இருக்கும். விளம்பர நிறுவனம் கணக்கை முடக்கும். அடித்தவர் யார் என்று தெரியாது, அடி வாங்கினவர்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்பார். கிளிக் குண்டு என்று இதைச் சொல்லலாம். முதல் வகையில் நட்டம் பணம். மூன்றாவதில் பணத்தோடு பெயரும் போகுது.

காலப்போக்கில் விரல்களும் தேவைப்படாமல் போயின. 2006இல் பரவிய ‘கிளிக்பொட் ஏ’ என்ற நச்சு நிரல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளில் புகுந்து, உரிமையாளருக்கே தெரியாமல் கிளிக் பண்ணியது. 2011இல் அமெரிக்கா ஆறு எஸ்தோனியர்கள் மீது குற்றம் சாட்டியது. அவங்க நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 லட்சம் கணினிகளைக் கைப்பற்றி, 1 கோடியே 40 லட்சம் டொலர் சம்பாதித்ததாக வழக்கு.

நீதிமன்றம் ஏறிய கிளிக்

2004 நவம்பரில் கூகுள் டெக்சஸைச் சேர்ந்த ‘ஒக்ஷன்ஸ் எக்ஸ்பேர்ட்’ என்ற நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. தங்கள் தளத்து விளம்பரங்களைத் தாங்களே கிளிக் பண்ணினாங்க என்பது குற்றச்சாட்டு. அடுத்த வருஷம் 75,000 டொலர் தீர்ப்பு கூகுளுக்குக் கிடைத்தது. 2004 டிசம்பரில் கூகுளின் நிதித் தலைவராக இருந்த ஜோர்ஜ் ரெயஸ் முதலீட்டாளர் கூட்டத்தில் பேசும்போது, இணையப் பொருளாதாரத்துக்கு இதுதான் மிகப் பெரிய ஆபத்து என்று வெளிப்படையாகவே சொன்னார்.

2005இல் காற்று மறுபக்கம் வீசியது. ஆர்கன்சோ மாநிலத்தில் ‘லேன்ஸ் கிஃப்ட்ஸ்’ என்ற கடையும் மற்றவர்களும் கூகுள் முதலான தேடல் நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டாங்க. பொய்க் கிளிக்குகளுக்கும் எங்களிடம் காசு அறவிட்டீங்க என்பது அவங்கட வாதம். 2006இல் கூகுள் 9 கோடி டொலர் வரையான தீர்வுக்கு ஒத்துக்கொண்டது. விளம்பரதாரருக்குக் கிடைத்தது கையில் காசு இல்லை, இனிமேல் விளம்பரம் போடுவதற்கான வரவு.

அந்த வழக்கில் நியூயோர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் துசிலின் சுயாதீன நிபுணராக ஒரு அறிக்கை கொடுத்தார். கூகுளின் முயற்சிகள் நியாயமானவை என்பது அவருடைய முடிவு. பத்திரிகைகள் அந்த முடிவைத்தான் தலைப்பாக்கின. எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்குள் அவர் சொன்ன ஒரு சிக்கல். கெட்ட கிளிக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று நிறுவனம் வெளியே சொன்னால், மோசடிக்காரர் அதைப் படிச்சுத் தப்பிப்பார். சொல்லாமல் விட்டால், காசு கொடுத்தவருக்குத் தன் கணக்கு சரியா என்று பார்க்க வழியே இல்லை.

இரண்டும் உண்மைதான். விளம்பரதாரருக்கு இருக்கும் இந்தச் சிக்கல் தளக்காரருக்கு இன்னும் மோசம். விளம்பரதாரர் குறைஞ்சது வழக்குப் போடுற அளவுக்குக் காசுக்காரர்.

கொழுந்து மடுவத்துத் தராசு

இந்த இடத்தில் நாவலப்பிட்டிக்காரர்களுக்கு ஒரு பழைய விசயம் ஞாபகம் வரணும்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை வைத்தார். 1874இல் ரயில் பாதை நாவலப்பிட்டிக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து இந்த ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒரு நாளின் உழைப்பு என்பது கடைசியில் ஒரு தராசின் முள்ளில்தான் முடியுது. கொழுந்தை மலையிலிருந்து சுமந்து மடுவத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தா, சாக்குக்கு இவ்வளவு கழிவு, மழை நாளென்றால் தண்ணிக்கு இவ்வளவு கழிவு, முத்தல் இலைக்கு இவ்வளவு கழிவு. குறிச்ச கிலோ வராட்டி அரைப்பேர். தராசு தோட்டத்துடையது. நிறுக்கிறவர் தோட்டத்தின் ஆள். எழுதுற புத்தகமும் தோட்டத்துடையது. கொழுந்து எடுத்தவங்களுக்கு மிஞ்சுறது தங்கட கைக்கணக்கு மட்டும்தான்.

கழிவு எப்போதும் பொய் என்று நான் சொல்ல வரேல்ல. ஈரக் கொழுந்தில் தண்ணி இருக்கத்தான் செய்யும். பிரச்சினை தண்ணியில் இல்லை. எவ்வளவு தண்ணி என்று சொல்லும் உரிமை ஒரு பக்கத்தாரிடம் மட்டும் இருந்ததுதான் பிரச்சினை. மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் நிறுவைச் சண்டைகள் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். பத்துக் கிலோவில் ஒரு கிலோ என்பது வெளியாருக்குச் சின்ன விசயம், உள்ளே இருக்கிறவங்களுக்கு அது சம்பளம்.

அட்சென்ஸ் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் மாத முடிவில் பார்க்கும் சொல் ஒன்று உண்டு: ‘செல்லாத போக்குவரத்து’க் கழிவு. மதிப்பிடப்பட்ட வருமானத்தில் ஒரு பகுதி கழிச்சிருக்கும். எந்தக் கிளிக், எந்த நேரம், எந்தக் காரணம் என்று விபரம் இருக்காது. துசிலின் சொன்ன காரணத்தால்தான் இருக்காது. ஆனா மடுவத்தில் நின்று பழகின குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தக் கழிவு புதுசா இருக்காது.

தமிழுக்குக் கிளிக் வந்தது

தமிழில் வலைப்பதிவுகள் 2003, 2004 காலத்திலேயே பெருகின. தமிழ்மணம் திரட்டி 2004இல் வந்தது. ஆனா அட்சென்ஸ் தமிழை ஏற்றது 2018 பெப்ரவரியில்தான். பதினான்கு, பதினைந்து வருஷம் தமிழில் எழுதினவங்க பெரும்பாலும் சும்மாவே எழுதினாங்க. எழுத்து வளர்ந்தது, வருமானம் வரவில்லை.

2018க்குப் பிறகு நிலைமை மாறியது. கடந்தகால வினாத்தாள் போடுற தளம், சமையல் தளம், உள்ளூர்ச் செய்தித் தளம், ஜோதிடத் தளம் என்று நிறைய வந்தது. பின்னர் 2022 வந்தது. மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டது. 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தொட்டது. அட்சென்ஸ் காசு கையில் வருவதற்கு 100 டொலர் சேரணும். அந்த 100 டொலர் 20,000 ரூபாவிலிருந்து 36,000 ரூபா ஆனது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபா, அதுவும் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த பிறகு. அதாவது ஒரு தடவை வரும் அட்சென்ஸ் காசு 36 நாள் பேருக்குச் சமம். ஒரு லயத்து வீட்டில் அது அரிசியும் மாவும், தங்கச்சியின் டியூஷன் காசும்.

ஆனா அந்த 100 டொலரைச் சேர்க்க சின்னத் தளத்துக்கு மாதக் கணக்கில் ஆகும். முதல் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிசெய்ய கூகுள் சாதாரணத் தபாலில் ஒரு இரகசிய எண் அனுப்பும். நகரத்தில் இருப்பவருக்கு அது ஒரு கடிதம். தோட்டத்தில் இருப்பவருக்கு, பல குடும்பத்துக்கும் ஒரே முகவரி, கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்து கைமாறி வரணும். நான்கு மாதத்துக்குள் அந்த எண்ணைப் போடாட்டி விளம்பரம் நின்றுவிடும். இதையெல்லாம் தாண்டித்தான் ஒரு பிள்ளை முதல் காசைப் பார்க்குது.

ஒரு ராத்திரி போதும்

இப்போ ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தரம் 5 புலமைப்பரிசில் வினாத்தாள்கள் போடும் ஒரு தளம். ஒரு நாளைக்கு 400 பேர் வருவாங்க, 4 கிளிக் விழும் என்று வைப்போம். ஒரு நாள் ராத்திரி யாரோ ஒருவர் உட்கார்ந்து 300 கிளிக் போடுகிறார். காலையில் தளக்காரர் எழும்பிப் பார்க்கும்போது கிளிக் எண்ணிக்கை எகிறியிருக்கும். சந்தோசப்படுவார். அந்தச் சந்தோசம்தான் பொறி. சில நாளில் விளம்பரம் குறையும், அல்லது கணக்கு 30 நாளைக்கு இடைநிறுத்தப்படும், அல்லது நிரந்தரமா மூடப்படும். மூடினால் சேர்ந்திருந்த காசு நிறுத்தி வைக்கப்பட்டு விளம்பரதாரருக்குத் திருப்பிப் போகும். மேன்முறையீடு என்று ஒரு படிவம் உண்டு. அதை நிரப்பி அனுப்பும்போது, நான் செய்யவில்லை என்று நிரூபிக்க வேண்டியது தளக்காரர்தான்.

செய்யாத ஒன்றை எப்படி நிரூபிக்கிறது?

இதைக் கேட்டு வழக்காடியவங்களும் இருக்காங்க. 2009இல் கலிபோர்னியாவில் ஒரு இளைஞர், கணக்கு மூடப்பட்டபோது தனக்கு வராமல் போன 721 டொலருக்காக பாலோ அல்டோ சிறுவழக்கு நீதிமன்றத்துக்குப் போனார். வென்றார். கூகுள் மேன்முறையீடு செய்து அந்த வெற்றியை மாற்றியது. 2014இல் ‘ஃபிரீ ரேஞ்ச் கொன்டென்ட்’ என்ற நிறுவனமும் வேறு தளக்காரர்களும் சேர்ந்து பொதுவழக்கு ஒன்று போட்டாங்க. காசு கொடுக்கும் நாளுக்குக் கிட்டத்தில் கணக்கை மூடி, சேர்ந்த வருமானத்தைத் தராமல் விட்டாங்க என்பது குற்றச்சாட்டு. 2018இல் 1 கோடியே 10 லட்சம் டொலருக்குச் சமாதானம் ஆனது. ஒருத்தராகப் போனவர் கடைசியில் தோற்றார், பலராகப் போனவங்களுக்கு ஏதோ கிடைத்தது. தொழிற்சங்கம் படிச்சவங்களுக்கு இது ஆச்சரியமான முடிவு இல்லை.

இலங்கையில் சட்டம் உதவுமா? 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் முக்கியமாக அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவதைத்தான் பிடிக்குது. எல்லாருக்கும் திறந்திருக்கும் பக்கத்தில் தெரியும் விளம்பரத்தைக் கிளிக் பண்ண யாரும் பூட்டை உடைக்கத் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த ஒழுங்குவிதி, இணைய மேடைகள் ஒரு வியாபாரியின் கணக்கை நிறுத்தினால் காரணம் சொல்லணும் என்று கட்டாயப்படுத்தியது. அதில்கூட இந்த மாதிரி விளம்பரக் கருவிகள் விலக்கப்பட்டிருக்கு. உலகத்தின் கடுமையான சட்டமே இந்த வாசலில் வந்து நின்றுவிட்டது.

கைக்கணக்கு

அப்போ சின்னத் தளக்காரர் என்ன செய்யலாம்? இந்த வரலாற்றிலிருந்தே சில விசயம் எடுக்கலாம்.

முதல் வேலை, தனக்கென்று ஒரு கணக்கு வைக்கிறது. கூகுளின் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. தளத்துக்கு வருவோரின் பதிவு சேர்வரில் இருக்கும். எந்த நேரம், எந்த ஐ.பி. முகவரி, எந்தப் பக்கம் என்று அதில் தெரியும். வாரத்துக்கு ஒரு தடவை அதை இறக்கி வைங்க. வழக்கமாக நூறு பேர் பார்த்தால் எத்தனை கிளிக் விழுது என்று ஒரு கொப்பியில் எழுதி வைங்க. வழமை என்னவென்று தெரிந்தால்தான் வழமை மீறினது எப்போ என்று சொல்ல முடியும். பின்னால மேன்முறையீடு எழுத வந்தால் இந்தக் கொப்பிதான் சாட்சி.

இரண்டாவது, அன்பான கிளிக்கைத் தடுக்கணும். நம்ம ஊரில் இதுதான் பெரிய ஆபத்து. ‘மச்சான் சைட் தொடங்கியிருக்கான், எல்லாரும் போய் விளம்பரத்தை அமத்துங்க’ என்று குரூப்பில் போடுவாங்க. நல்ல மனசுதான். ஆனா ஒரே ஊர், ஒரே நேரம், ஒரே பழக்கம் என்று விழும் நாற்பது கிளிக்குக்கும் எதிரி போடும் நாற்பது கிளிக்குக்கும் இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது. சொந்தக்காரங்களுக்கும் கெம்பஸ் நண்பர்களுக்கும் தெளிவாகச் சொல்லிவிடுங்க: வாசிங்க, பகிருங்க, விளம்பரத்தை எனக்காக அமத்தாதீங்க.

மூன்றாவது, வாசகரைக் காசுக்கு வாங்காதீங்க. ‘ஆயிரம் பார்வை இவ்வளவு ரூபா’ என்று விற்கிறவங்களிடம் இருப்பது ஆட்கள் இல்லை. 2017இல் தாய்லாந்து பொலிசார் கம்போடிய எல்லைப்பக்கம் ஒரு வீட்டைச் சோதித்தபோது நூற்றுக்கணக்கான போன்களும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட சிம் அட்டைகளும் கிடைத்தன. விலைக்கு வரும் கூட்டம் அப்படிப்பட்ட அலுமாரிகளில் இருந்துதான் வருது.

நான்காவது, உங்கட பெயரைப் பூட்டி வைங்க. 2016 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்த ‘மெத்பொட்’ மோசடியில், ஆயிரக்கணக்கான உண்மையான தளங்களின் பெயரைப் பொய்யாகப் போட்டு விளம்பரக் காசு எடுத்தாங்க. அதை நடத்திய அலெக்சாண்டர் சூகோவுக்கு 2021இல் அமெரிக்க நீதிமன்றம் 10 வருஷச் சிறைத்தண்டனை கொடுத்தது. 2017இல் விளம்பரத் துறை இதுக்கு ஒரு எளிய மருந்து கொண்டுவந்தது: ‘அட்ஸ் டொட் டெக்ஸ்ட்’ என்ற சின்ன எழுத்துக் கோப்பு. என் தளத்து விளம்பர இடத்தை விற்க இவங்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று அதில் எழுதித் தளத்தின் வாசலில் வைக்கணும், அவ்வளவுதான். அதோடு அட்சென்ஸ் கணக்குக்குள்ளும் எந்தத் தளங்களில் உங்கட நிரல் ஓடலாம் என்று பட்டியல் கொடுங்க. இல்லாட்டி உங்கட நிரலைப் பிரதி பண்ணி ஒரு அசிங்கமான தளத்தில் ஒட்டி மாட்டிவிட முடியும்.

ஐந்தாவது, தாக்குதல் நடக்குது என்று தெரிஞ்ச உடனே விளம்பரத்தை எடுத்துவிடுங்க. இரண்டு நாள் வருமானம் போகும், கணக்கு தப்பும். அதே நாளில் செல்லாத கிளிக் பற்றி அறிவிக்கும் படிவத்தை நிரப்பி, நேரத்தையும் முகவரிகளையும் கொடுங்க. அவங்க கண்டுபிடிக்க முன்னால நீங்க சொன்னீங்க என்பது பதிவில் இருக்கும். முகவரியைத் தடை செய்யும்போது மட்டும் கவனம். நம்ம நாட்டில் போன் இணைப்பில் வரும் பல பேர் ஒரே ஐ.பி. முகவரிக்குப் பின்னால் இருப்பாங்க. ஒரு கணினி நிலையத்தில் முப்பது பிள்ளைகள் ஒரே நேரம் உங்கட வினாத்தாளைத் திறந்தாலும் ஒரே கை மாதிரித்தான் தெரியும். எதிரியைத் தடுக்கிறேன் என்று ஒரு வகுப்பையே வெளியே தள்ளிவிடக் கூடாது.

கடைசியா, ஒரே தராசை நம்பி இருக்காதீங்க. ஊர்க்கடை விளம்பரம், வாசகர் சந்தா, அச்சுப் பிரதி விற்பனை என்று ஏதாவது ஒரு சின்ன வழி பக்கத்தில் இருக்கட்டும். தேயிலையை மட்டும் நம்பிய ஊர் என்ன பாடுபட்டது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

மூன்றாவது ஆள் எங்கே?

இதெல்லாம் செய்தாலும் அடிப்படைச் சிக்கல் தீராது, அதையும் சொல்லணும். 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதிபதி லியோனி பிரின்கெமா, தளக்காரர்கள் பயன்படுத்தும் விளம்பரச் சேர்வர் சந்தையிலும் விளம்பரப் பரிமாற்றச் சந்தையிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் வைத்திருந்தது என்று தீர்ப்பளித்தார். சந்தையும் தரகும் ஒரே கையில் இருப்பது சரியில்லை என்பதை ஒரு நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது பெரிய விசயம். ஆனா அந்த வழக்கு ஏகபோகத்தைப் பற்றியது. கிளிக்கை எண்ணும் கணக்கு அப்படியேதான் இருக்கு.

அச்சு உலகம் ரோவெலின் விபரக்கொத்திலிருந்து கணக்காய்வு அமைப்பு வரை வர 45 வருஷம் எடுத்தது. கிளிக்குக்கு விலை வந்து இன்னும் 30 வருஷம்தான். முகவரிகளையும் நிரலையும் வெளியே சொல்லாமலே, ஒரு சுயாதீன ஆள் இரண்டு பக்கக் கணக்கையும் பார்த்து ‘இந்தத் தளக்காரர் செய்யவில்லை’ என்று சொல்ல முடியும். துசிலினின் அறிக்கையே அதுக்குச் சாட்சி. வழக்கின் தீர்வில் ஒத்துக்கொண்டபடி கூகுள் வெளியாள் ஒருவரை உள்ளே விட்டுத் தன் முறைகளைக் காட்டியது. 9 கோடி டொலர் வழக்குக்கு முடிந்தது 100 டொலர் கணக்குக்கு முடியாது என்றால், அது தொழில்நுட்பக் குறையில்லை. கேட்கிறவங்கட பலம் போதவில்லை.

தமிழில் சின்னத் தளங்கள் நடத்தும் நாங்க எல்லாரும் தனித்தனியாத்தான் இருக்கிறோம். ஒருத்தருடைய கணக்கு மூடினால் அடுத்தவருக்குத் தெரியாது. ஏதோ திருட்டு வேலை பார்த்திருப்பான் என்று நாங்களே நினைச்சுக்கொள்ளுவோம். முதலில் மாற வேண்டியது இதுதான். யாருக்கு எப்போது தாக்குதல் வந்தது, என்ன கழிவு விழுந்தது, மேன்முறையீட்டுக்கு என்ன பதில் வந்தது என்று ஒரு பொதுப் பதிவு தொடங்கலாம். இருபது கொப்பிகள் ஒன்றாக வைக்கப்பட்டால் அதற்குப் பெயர் புலம்பல் இல்லை, ஆதாரம். நிறுவைச் சண்டையில் மடுவத்துக்கு வெளியே நின்ற பெண்கள் முதலில் செய்ததும் தங்கட கிலோக்களை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டதுதான்.